பணம் குறைவு, பெட்டி பெரிது: சொந்தமாகக் கட்டிய ஸ்பீக்கருடன் ஆறு ஆண்டுகள்

"ஏன்டா, கூடத்துல எதுக்கு ரெண்டு பீரோவை நிறுத்தி வெச்சிருக்க?" இந்த ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். பீரோ என்பது கொஞ்சம் அதிகம். உயரம் 70, அகலம் 42, ஆழம் 36 செ.மீ.; ஆனால் மேலே மேல் அலைகளை விரித்துப் பரப்பும் புனல் போன்ற ஹார்ன் ஏறி உட்கார்ந்ததும் இடுப்பளவு வந்துவிடுகிறது. ஆறு வருடமாக அதே இடத்தில் நிற்கின்றன. இப்போது அக்காவே பாட்டுக் கேட்க வந்தால் ஒலியைக் கூட்டச் சொல்கிறாள்.

கட்டத் தொடங்கியதற்குக் காரணம் என் பழைய ஸ்பீக்கர்கள். அலமாரியில் வைக்கும் சிறிய ஜோடி. ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதற்கு அட்டையில் 87 டெசிபல் என்று போட்டிருந்தது. அந்த எண்ணுக்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில் 2.83 வோல்ட் என்றும் இருந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் ஒரு வாட். என்னுடையது 4 ஓம், அதாவது இரண்டு வாட் கொடுத்து அளந்திருக்கிறார்கள். ஒரு வாட்டுக்கு நிஜத்தில் 84தான். ஆம்ப்போ (ஆம்ப்ளிஃபையர்) வெறும் 15 வாட். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து சராசரி 75 டெசிபலில் கேட்க இதற்குக் கால் வாட் போதும். அதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் நன்றாகப் பதிவு செய்த தாள இசையில் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் மேலே போகும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு, 25 வாட். மிருதங்கத்தில் சாப்பு விழும்போதெல்லாம் ஆம்ப் கையை விரித்துவிடும். சத்தம் உடையாது, ஆனால் அடி மழுங்கி, ஈரத் துணியில் தட்டியது போல விழும்.

பெரிய ஆம்ப் வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். வாங்கலாம்தான். ஆனால் வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது மூன்றே டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு உரக்கத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அவ்வளவு வாட்டும் கூம்பை அசைக்கும் ஒரு சின்னக் கம்பிச்சுருளில் (வாய்ஸ் காயில்) சூடாகத்தான் முடியும். 84 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் ஒலியாவது 0.2 சதவீதத்துக்கும் குறைவு. மிச்சமெல்லாம் வெப்பம்.

மின்சாரத்தை வீணாக்காமல் ஒலியாக்கும் திறன் வேண்டும், கையில் காசு இல்லை. இந்த இடத்தில் ஹாஃப்மன் என்ற பொறியாளர் பெயரில் வழங்கும் 'இரும்பு விதி' குறுக்கே நிற்கிறது: ஆழமான பேஸ், சிறிய பெட்டி, அதிகத் திறன் மூன்றும் சேர்ந்து வராது, இரண்டைத்தான் எடுக்கலாம். 1954-இல் எட்கர் வில்ச்சூர் காற்றுப்புகாச் சிறு பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தபோது விட்டுக்கொடுத்தது திறனை. ஆம்ப் வாட் மலிவாகிக்கொண்டே வந்ததால் உலகம் அந்தப் பக்கமே போய்விட்டது. நான் எதிர்ப்பக்கம் போக நினைத்தேன். அதற்கான விலை பெரும்பாலும் பணமாக இல்லை, லிட்டராக இருந்தது. வீட்டில் இடம் விட மனமிருந்தால் இது ஏழைக்கான வழிதான்.

பேஸுக்கு, மேடை ஸ்பீக்கர்களில் போடும் 12 அங்குல வூஃபர் இரண்டு, மேல் அலைகளுக்கு ட்வீட்டராக ஒரு அங்குல வாயுள்ள கம்ப்ரெஷன் டிரைவர் இரண்டு, அவற்றின் முன்னால் பூட்ட பிளாஸ்டிக் ஹார்ன் இரண்டு. வூஃபர்கள் பழையவை, ஒருவர் கழற்றிப்போட்டவை. மொத்தச் செலவில் பாதிக்கும் மேல் கம்ப்ரெஷன் டிரைவருக்கே போனது. அதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டவில்லை. வாங்குவதற்கு முன் கூம்பை நான்கு விரல்களால் சுற்றிலும் சமமாக மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். வாய்ஸ் காயில் உரசினால் மணலைத் தேய்ப்பது போல விரலுக்குத் தெரியும். தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வூஃபரின் தாளில் 97 டெசிபல். இதையும் நான் அப்படியே நம்பவில்லை. ஒத்ததிர்வு (கூம்பு தானாக ஆடும் அதிர்வெண்) 48 ஹெர்ட்ஸ், வாஸ் (கூம்பின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் கொள்ளளவு) 75 லிட்டர், கியூஇஎஸ் (அந்த ஆட்டத்தைக் காந்தமும் காயிலும் எவ்வளவு அடக்குகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.37. ஒத்ததிர்வு எண்ணின் கனத்தை எடுத்து, வாஸால் பெருக்கி, கியூஇஎஸ்ஸால் வகுத்து, மாறிலியைப் போட்டால் திறன் சுமார் 2.2 சதவீதம் வருகிறது. டெசிபலில் 95-க்குச் சற்று மேல். தாளில் உள்ள 97 என்பது கூம்பு மேல் அலைகளில் குவிந்து பாடும் பகுதியையும் சேர்த்து எடுத்த சராசரி. பேஸுக்கு அந்த எண் செல்லாது. இரும்பு விதி ஏன் இரும்பு என்பதும் இதே கணக்கில் தெரியும்: மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஒத்ததிர்வைப் பாதியாக்கினால் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்த அளவீடுகளை வைத்துப் பெட்டியைக் கணக்கிடும் முறைக்கு 1961-இல் நெவில் தீல் வழி போட்டார், 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை முழுமையாக்கினார். இன்றைக்கு வின்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் எண்களைத் தட்டினால் எந்த அலையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் வளைகோடு வந்துவிடுகிறது.

எனக்கு வந்தது: 75 லிட்டர், 42 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்த போர்ட். 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய், நீளம் சுமார் 10.5 செ.மீ. இதில் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் வரை பேஸ் நிற்கும். அதற்குக் கீழே ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 18 மி.மீ. ப்ளைவுட், நடுவில் ஜன்னல் போல வெட்டிய ஒரு குறுக்குப் பலகை, மூலைகளில் பசை தாராளமாக. வூஃபருக்கு 282 மி.மீ. துளை போட வேண்டும். முதல் பெட்டியில் ஜிக்சா ஓரிடத்தில் வழுக்கி, ஐந்து மி.மீ. உள்ளே தின்றுவிட்டது. திருகு விழும் இடம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். இன்றும் அந்த ஒரு திருகு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை தளர்கிறது. இரண்டாம் பெட்டிக்கு ரவுட்டரைக் கடன் வாங்கினேன். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

உண்மையான வேலை, கீழ் அலைகளை வூஃபருக்கும் மேல் அலைகளை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவரில்தான். கடையில் கிடைக்கும் 'இருவழி கிராஸ்ஓவர்' பலகையை வாங்கிப் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. போட்டும் பார்த்தேன். ட்வீட்டர் மட்டும் காதைக் கிழித்தது. காரணம் எளிது: ஹார்னில் பூட்டிய கம்ப்ரெஷன் டிரைவர் 107 டெசிபல், வூஃபர் 95. இடையே 12 டெசிபல் பள்ளம். அதோடு, 42 செ.மீ. அகலப் பலகையில் சுமார் 270 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி பின்பக்கமும் சுற்றிப் போய்விடுவதால் பேஸ் மெலிகிறது. சுவர் அருகில் இருப்பதால் முழு 6 டெசிபலும் இழப்பாகாது. என் அறையில் 2, 3 டெசிபல் ஈடு கட்டினாலே போதும் என்று தெரிந்தது. அதை ஈடு கட்ட மேல் அலைகளின் ஒலியைக் குறைக்கத்தான் முடியும். கடைசியில் ஸ்பீக்கர் நின்ற இடம் 93 டெசிபல். 97-இல் தொடங்கி 93-இல் முடிந்ததா என்று வருத்தப்பட வேண்டாம். பழைய ஜோடிக்கு 25 வாட் கேட்ட அதே உச்சத்துக்கு இப்போது 3 வாட் போதும்.

1400 ஹெர்ட்ஸில் பிரித்தேன். அங்கே அலைநீளம் சுமார் 25 செ.மீ.; 12 அங்குல வூஃபரின் கூம்பும் கிட்டத்தட்ட அதே விட்டம். அந்த இடத்தில் கூம்பு ஒலியைக் குவிக்கும் கோணமும் 90 பாகை ஹார்ன் விரிக்கும் கோணமும் ஒத்துப்போகின்றன. இதனால்தான் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கும் குரலின் நிறம் மாறுவதில்லை. எல்லா முடிவுகளிலும் எனக்கு அதிகப் பலன் தந்தது இதுதான், இதற்குக் காசும் செலவில்லை.

கருவிகள்: ஒரு அளவீட்டு மைக், அளக்க ரூம் ஈக்யூ விசார்ட், கிராஸ்ஓவரை வடிவமைக்க விட்டுயிக்ஸ்கேட் என்ற மென்பொருள்கள். மைக்கைத் தவிர மற்ற இரண்டும் இலவசம். மூன்று வார இறுதிகள் போயின. ட்வீட்டரின் இரு கம்பிகளையும் வேண்டுமென்றே மாற்றிப் பூட்டி அளந்தால், கிராஸ்ஓவர் இடத்தில் வளைகோடு கிணறு போல இறங்க வேண்டும். கிணறு ஆழமாகவும் இருபுறமும் சமமாகவும் இருந்தால், சரியாகப் பூட்டும்போது இரண்டும் கைகோத்துப் பாடும் என்று அர்த்தம். எனக்கு அந்தக் கிணறு விழுந்த இரவு நடுநிசி தாண்டியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் வலது பெட்டியின் கம்பிகளைத் திருப்பிப் பூட்ட மறந்துவிட்டேன். இரண்டு வாரம் பாடகர் நடுவில் நிற்காமல் எங்கோ சுவருக்குப் பின்னாலிருந்து பாடுவது போலவே இருந்தது. அறை சரியில்லை என்று கம்பளத்தையெல்லாம் நகர்த்தினேன். மறுபடி மைக் வைத்தபோது அதே கிணறு!

மலிவில் விட்ட தவறு ஒன்று: வூஃபருக்கு மெல்லிய கம்பியில் சுற்றிய இண்டக்டர் போட்டேன். அதன் மின்தடை அரை ஓமுக்கு மேல். 6 ஓம் வூஃபரோடு தொடராக அரை ஓம் சேர்ந்தாலே 0.7 டெசிபல் காணாமல் போகிறது. டெசிபல் டெசிபலாகச் சேர்த்துவிட்டு இப்படிச் சொட்டவிடுவது வீண். இரும்பு உள்ளகம் வைத்த தடித்த கம்பி இண்டக்டர் பிறகு வந்தது.

ஒலி எப்படி? குறைந்த ஒலியில்தான் வித்தியாசம் முதலில் தெரியும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பேச்சுக் குரலைவிட மெதுவாக வைத்தாலும் மிருதங்கத்தின் தொப்பியில் விழும் 'தொம்' தனியாகவும் விரல் தோலில் படுவது தனியாகவும் கேட்கிறது. தவில் பதிவு ஒன்றைப் போட்டபோது பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நேரில் கேட்கும் தவிலில் பாதிகூட இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் பழைய ஜோடியில் தவில் தகர டப்பா. வீணையின் நுண்மைக்கு, மென்மையான டோம் ட்வீட்டர் உள்ள நல்ல சிறிய ஸ்பீக்கர் இதைவிட இனிமை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் ஹார்னில் மேல் ஸ்தாயி மீட்டுகளில் சிறு பளபளப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆறு வருடமாகப் போராடியும் முழுதாகப் போகவில்லை. கீழே 50 ஹெர்ட்ஸோடு முடிவதால் திரைப்படத்தின் அதிரும் காட்சிகளில் வயிற்றில் ஒன்றும் தெரியாது. சப்வூஃபர் சேர்க்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் ஆண்டு ஒரு சபலம். கிராஸ்ஓவரைக் கழற்றிவிட்டு, அந்தப் பிரிக்கும் வேலையை டிஜிட்டலாகச் செய்யும் டிஎஸ்பி வைத்து, வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி ஆம்ப் கொடுத்தேன். வளைகோடு கோலம் போட்ட மாதிரி சீராக வந்தது. ஆனால் பாட்டு நின்றதும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல், மூன்று மீட்டர் தள்ளியிருந்தும். ஆம்பின் சொந்த இரைச்சல் நேராக 107 டெசிபல் டிரைவருக்குள் போகிறது. ஒலியைக் குறைத்தாலும் அது குறையாது. பழைய கிராஸ்ஓவரில் இருந்த ரெசிஸ்டர்கள் இசையோடு சேர்த்து இந்த இரைச்சலையும் 14 டெசிபல் அமுக்கி வைத்திருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு மாலை மின்சாரம் போய் வந்ததில் டிஎஸ்பி உயிர்பெற்றபோது 'டொப்' என்றது. இடது ட்வீட்டர் அதோடு மௌனம். பாதுகாப்புக்கு ஒரு கெப்பாசிட்டரைத் தொடரில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். நல்லவேளை, கம்ப்ரெஷன் டிரைவரில் டயஃப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) மட்டும் தனியாகக் கிடைக்கும். பின்மூடியைக் கழற்றி, நாலு திருகு, வழிகாட்டும் ஊசியில் புதியதைப் பொருத்தினால் கால் மணி நேர வேலை. மறுவாரமே பழைய கிராஸ்ஓவருக்குத் திரும்பிவிட்டேன்.

தேய்மானம் என்று பார்த்தால் மிகக் குறைவு. வூஃபர் விளிம்பு மடிப்புத் துணி. ஃபோம் போலப் பொடியாவதில்லை. ட்வீட்டரின் ஒலியைக் குறைக்க முதலில் வைத்திருந்த, கையால் திருகும் எல்-பேட் நான்காம் ஆண்டு கரகரக்க ஆரம்பித்ததால் நிலையான ரெசிஸ்டராக மாற்றினேன். மூன்றாம் ஆண்டில் பேஸ் தாளங்களுக்கு ஒரு 'புஸ்' சத்தம் வந்தது. போர்ட் என்று நினைத்தேன்; அந்தச் சண்டிக்காரத் திருகுதான். ஊதுவத்தியைப் பற்றவைத்து வூஃபர் ஓரமாக நகர்த்தியதில் புகை ஆடிய இடத்தில் கண்டுபிடித்தேன். கேஸ்கெட் நாடா ஒட்டியதும் போனது.

எச்சரிக்கை ஒன்று. ஒலி சிதையாததால் எவ்வளவு உரக்கப் போகிறது என்று காதுக்கே தெரிவதில்லை. ஒரு நாள் அளந்தபோது சராசரி 91 இருந்தது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படியானால் எனக்கு இரண்டு மணி நேரம். நானோ மதியத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஆம்பின் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி ஒட்டியிருக்கிறது.

மறுபடி கட்டினால் பெட்டிகளின் அடியில் சக்கரம் வைப்பேன். ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்குக் குறையாது, பெருக்கும்போதெல்லாம் திட்டு விழுகிறது. வருடத்துக்கு ஒருமுறை மைக்கை அதே இடத்தில் நிறுத்தி அளக்கும் பழக்கம் உண்டு. இந்த வருடக் கோடு முதல் வருடக் கோட்டின் மேலேயே படுக்கிறது. இடது பெட்டியில் மட்டும் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு டெசிபல் கூடுதல். அது அந்தப் புதிய டயஃப்ரம்.