ஹின்வில் சாம்பல் நிலையம்: கட்டணப் பைக்குக் கிடைக்கும் சேவை

சூரிச் மாநிலத்தில் குடியிருக்கும் நாங்கள் வீட்டுக் குப்பையைக் கட்டணப் பையில்தான், அதாவது அகற்றும் செலவும் விலையில் சேர்ந்த பையில்தான், போட வேண்டும். வண்டி வந்து பையை ஏற்றிச் சென்றதும் அந்தப் பணத்துக்கான சேவை முடிந்துவிடுகிறது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். எரியக்கூடிய குப்பையைப் புதைப்பது 2000ஆம் ஆண்டிலிருந்து சுவிட்சர்லாந்தில் தடைசெய்யப்பட்டிருப்பதால் பை எரியாலைக்குப் போகிறது. எரிந்த பிறகு எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, உலையின் அடியில் தங்கும் அடிச்சாம்பலாக மிஞ்சுகிறது. அந்தச் சாம்பலிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும், எங்கள் மாநிலத்து ஹின்வில் ஊரிலுள்ள நிலையத்தைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

இதன் முதற்சிறப்பு, சாம்பலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வதுதான். பெரும்பாலான எரியாலைகளில் கொதிக்கும் சாம்பல் நேரே தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. உலையில் 660 பாகை செல்சியஸில் உருகித் துளித்துளியாகத் திரண்ட அலுமினியத்தையும் பிளாஸ்டிக் உறை எரிந்துபோன செப்புக் கம்பியையும் நனைந்த நுண்சாம்பல் சிமெந்துபோல் கவ்விக்கொள்கிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, காரத்தன்மையுள்ள அந்தத் தண்ணீரில் அலுமினியம் கரைந்து ஐதரசன் வாயுவை வெளியிட்டு வீணாகிறது. ஹின்வில்லில் சாம்பலைக் காற்றினால் ஆறவைக்கிறார்கள். ஆற்றும்போது சூடேறிய காற்று உலைக்கே திரும்புகிறது. ஏற்றிச் செல்லும் சுமையிலும் தண்ணீரின் எடை சேர்வதில்லை.

உலர்ந்த சாம்பலைப் பல அளவுகளாகச் சலித்து, முதலில் காந்தத்தால் இரும்பை எடுத்துவிடுகிறார்கள். அதன்பின் சாம்பலைச் சுமந்து நகரும் பட்டையின் முனையில் வேகமாகச் சுழலும் காந்த உருளையை நெருங்கியதும் அலுமினியமும் செம்பும் முன்னே துள்ளி விழ, கல்லும் கண்ணாடியும் அப்படியே கீழே சரிகின்றன. பிரித்தெடுத்த செப்பு மணிகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வறுத்த கடுகுபோல் கறுத்திருக்கும். நகத்தால் சுரண்டினால்தான் சிவப்புத் தெரியும். பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் இப்படிப்பட்ட நுண்பகுதியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஈரச் சாம்பலிலிருந்து அவற்றை மீட்பது மிகவும் கடினம். பொன் என்றதும் வாய் பிளக்க வேண்டாம். ஒரு தொன் சாம்பலைச் சலித்தாலும் மோதிரம் செய்யக் காணாது.

குறையும் உண்டு. உலர்ந்த சாம்பல் பறக்கும் என்பதால் பட்டைகள் அனைத்தையும் மூடி, தூசியை உறிஞ்சியபடியே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியோடு கட்டப்பட்ட பழைய ஆலைகள் இம்முறைக்கு மாறுவது செலவு மிகுந்த வேலை. அதைவிட எனக்கு உறுத்துவது, உலோகம் எடுத்த பிறகும் சாம்பலின் பெரும்பகுதி கனிமக் கழிவாக நிரப்பு நிலத்துக்கே போகிறது என்பதுதான். கட்டுமானத்துக்குப் பயன்படும் தரத்தை அது எட்டும்வரை ஐந்துக்கு நான்கு புள்ளிக்கு மேல் தர எனக்கு மனமில்லை.

இன்னொன்று: மெல்லிய அலுமினியத் தாள் உலையிலேயே பெருமளவு ஒட்சைடாகிவிடுவதால் எந்த நிலையத்தாலும் அதை முழுமையாக மீட்க முடியாது. அதனால் அலுமினியக் காப்பிக் குப்பிகளை (கேப்சூல்களை) நான் இன்றும் தனியே சேர்த்துத்தான் கொடுக்கிறேன்.