மறதிநோய்த் தடுப்பு குறித்த தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் இலவச இணையப் பாடம்: ஒரு மதிப்புரை

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் விக்கிங் மையம், டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைத் தடுப்பது பற்றி இணையவழிப் பாடம் ஒன்றை இலவசமாக நடத்தி வருகிறது. காணொலி உரைகளும் வினாத்தேர்வுகளும் கொண்ட இந்தப் பாடத்தைப் படிக்க மருத்துவப் பின்புலம் தேவையில்லை. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் போதும். முதிய பெற்றோரைக் கவனித்துக்கொள்ளும் எவருக்கும் இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், காதுகேளாமை எனப் பல காரணிகள் பேசப்பட்டாலும், கல்வியும் தொழிலும் மூளைக்குத் தரும் பாதுகாப்பைப் பற்றிய பகுதியே என்னை மிகவும் ஈர்த்தது. ஆராய்ச்சியாளர்கள் இதை 'அறிதிறன் கையிருப்பு', அதாவது மூளையில் சிதைவு ஏற்பட்டாலும் அதைத் தாங்கிக்கொண்டு இயங்க உதவும் கூடுதல் ஆற்றல், என்ற கருத்தால் விளக்குகிறார்கள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் ஸ்டெர்னும் குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். வட மன்ஹாட்டனில் மறதிநோய் இல்லாத 593 முதியவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, குறைவாகப் படித்தவர்களுக்கும், வாழ்நாளில் திறன் குறைந்த வேலைகளையே பார்த்தவர்களுக்கும் நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

இதை வைத்து, படித்தவர்களின் மூளையை நோய் தீண்டுவதில்லை என்று எண்ணிவிடக் கூடாது. கரோல் பிரெய்ன் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மூளைதானம் செய்திருந்த 872 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது, அதிகம் படித்தவர்களின் மூளையிலும் நோய்ச் சிதைவுகள் குறைவாக இல்லை. அந்தச் சிதைவுகளைத் தாங்கிக்கொண்டு இயல்பாக வாழும் ஆற்றலே அவர்களிடம் கூடுதலாக இருந்தது. நம் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டிய செய்தி இது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ வங்கி அதிகாரியோ பேச்சுத்திறனாலும் பழகிய அறிவாலும் தொடக்கக் குறைகளை நெடுநாள் ஈடுகட்டிவிட முடியும் என்பதால், மருத்துவரிடம் செல்லும்போது மூளையில் நோய் வெகுதூரம் முற்றியிருக்கலாம். அதன்பின் அவர் வேகமாகத் தளர்வதைக் கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். 'அப்பா நன்றாகத்தானே பேசுகிறார்' என்ற ஆறுதலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதை இப்பாடம் படிப்பவர்கள் உணர்வார்கள்.

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மீண்டும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தால் கையிருப்பு கூடுமா என்பதை அறிய இதே பல்கலைக்கழகம் 2011இல் தனி ஆய்வு ஒன்றைத் தொடங்கியது. அதில் கூடியதாகவே தெரியவந்தது. ஆனால் கையிருப்பு கூடுவது வேறு, நோய் குறைவது வேறு; இரண்டாவதை உறுதிசெய்ய இன்னும் நீண்ட காலம் தேவை. இந்த வேறுபாட்டைப் பேணுவது மிக முக்கியம், ஏனெனில் பணம் வாங்கிக்கொண்டு நினைவாற்றலைக் காப்பதாக விளம்பரம் செய்த லுமோசிட்டி செயலியின் நிறுவனம், ஆதாரமற்ற வாக்குறுதிகள் தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. விக்கிங் மையத்தின் பாடம் எதையும் விற்கவில்லை.

தொழில் பற்றிய சான்றுகளை மட்டும் வாசகர் சற்று எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். குறைந்த படிப்பும் தாழ்ந்த வேலையும் பெரும்பாலும் வறுமையோடு சேர்ந்தே வருகின்றன. ஊட்டக்குறைவையும் கவனிக்கப்படாத ரத்த அழுத்தத்தையும் கணக்கிலிருந்து முழுமையாகப் பிரித்தெடுப்பது கடினம். மேலும், பள்ளி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத நம் பாட்டிமார்களுக்கு இதில் இடமுண்டா என்ற கேள்வி எழாமல் இராது. அவர்களுக்காக, ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதிநோய் கண்ட 648 பேரிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வையும் பாடத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகவே தொடங்கியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அந்தத் தாமதம் காணப்பட்டது.