லண்டன் கோடையின் திறந்த நாட்கள்: எதற்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்

ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பல இடங்கள் லண்டனில் கோடையில் ஓரிரு நாள் கதவைத் திறக்கின்றன. பட்டியலைப் பார்த்தால் எல்லாமே 'அரிய வாய்ப்பு' என்றுதான் இருக்கும். டிக்கெட் எடுக்குமுன் ஒன்றைப் பாருங்கள்: அன்று அங்கே ஏதாவது ஓடப்போகிறதா, அல்லது அதோடு வேலை செய்தவர்கள் நின்று பேசப்போகிறார்களா? இரண்டும் இல்லையென்றால் அது இன்னொரு அருங்காட்சியகம்தான், மற்ற நாளிலும் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் முதலிடம் தென்கிழக்கு லண்டனில் உள்ள க்ராஸ்னெஸ் பம்பிங் ஸ்டேஷனுக்கு. 1858 கோடையில் தேம்ஸின் சாக்கடை நாற்றம் நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பொறியாளர் ஜோசப் பேஸல்ஜெட்டின் கழிவுநீர்த் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அதன் தென்கரை முடிவிடம் இது. 1865 ஏப்ரலில் திறக்கப்பட்டது. ஆற்றின் தென்புறத்துக் கழிவெல்லாம் இங்கே வந்து சேரும். அதை மேலேற்றித் தொட்டியில் தேக்கி, ஓதம் (கடலால் ஆற்றில் நீர் ஏறி இறங்குவது) இறங்கும்போது ஆற்றில் விட்டார்கள். கடலை நோக்கிப் போய்விடும் என்பது கணக்கு. சுத்திகரிப்பு எதுவும் கிடையாது.

உள்ளே ஜேம்ஸ் வாட் நிறுவனத்தின் நான்கு பீம் எஞ்சின்கள், அதாவது மேலே ஒரு பெரிய இரும்பு உத்தரம் (பீம்) ஏறி இறங்கி ஓடும் நீராவி எஞ்சின்கள்: விக்டோரியா, பிரின்ஸ் கான்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்சாண்ட்ரா. ஒவ்வொன்றிலும் பீம் 47 டன், ஓட்டத்தைச் சீராக வைக்கும் பெருஞ்சக்கரமான ஃப்ளைவீல் 52 டன். நிமிடத்துக்கு 11 வீச்சு. ஒரு வீச்சுக்கு ஆறு டன் கழிவுநீர் மேலேறும். ஒரு எஞ்சின் மட்டுமே நிமிடத்துக்கு 66 டன்! 1950களில் கைவிடப்பட்டபோது மீத்தேன் தேங்காமல் இருக்க அடித்தளக் குழிகளில் மணலைக் கொட்டி மூடிவிட்டுப் போனார்கள். பிறகு வந்த தன்னார்வலர்கள் அந்த மணலை அள்ளி வெளியேற்றிய பிறகுதான் துருவையே தொட முடிந்தது. பிரின்ஸ் கான்சார்ட் 2003இல் மறுபடி நீராவியில் ஓடியது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். க்ராஸ்னெஸில் 'திறந்த நாள்' வேறு, 'நீராவி நாள்' வேறு. திறந்த நாளில் எஞ்சின் அசையாது. இரும்பு வேலைப்பாடும் கண்காட்சியும் மட்டும்தான். டிக்கெட் பக்கத்தில் நீராவி என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நீராவி நாளிலும் காலை முதல் மாலை வரை ஓட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். விட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்கள் என்பதால் நுழையும்போதே அடுத்த ஓட்டம் எப்போது என்று கேளுங்கள். கிடைக்கும் ஓட்டங்களில் ஒன்றை ஃப்ளைவீல் பக்கத்தில் நின்று பாருங்கள், இன்னொன்றை, அனுமதித்தால், மேல்தளத்தில் பீமுக்கு அருகே நின்று. கீழே வேகம் தெரியும். மேலே எடை தெரியும். பாய்லரில் கோளாறு என்றால் கடைசி நேரத்தில் நீராவி ரத்தாகும். ஆகவே முந்தைய நாள் இரவு அவர்கள் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் டிரைவரின் வார்ப்பிரும்பு அலங்காரத்தையும் நிமிர்ந்து பாருங்கள். அத்திப்பழமும் நிலவாகையும் வார்த்திருப்பதாக வழிகாட்டிகள் காட்டுவார்கள். இரண்டும் வயிற்றைக் கழுவும் சரக்கு. நம் ஊர் நாட்டு மருந்துக்கடையில் நிலவாகைப் பொடி வாங்கியவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

போகும் வழி: எலிசபெத் லைன் ரயிலில் ஆபி வுட் நிலையம். லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து 20 நிமிடத்துக்குள். அங்கிருந்து நடை தூரம் அதிகம், நிழலும் குறைவு. அன்று நிலையத்திலிருந்து வண்டி விடுகிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இப்போதும் இயங்கும் கழிவுநீர் நிலையம் இருப்பதால் காற்று திசை மாறினால் மூக்குக்கும் தெரியும். மூடிய தட்டைச் செருப்பு அவசியம். ஓட்டையுள்ள இரும்புத் தளத்தில் ஹீல்ஸ் சிக்கிக்கொள்ளும்.

கழிவுநீரைப் பார்த்தவர்களுக்குக் குடிநீர்ப் பக்கம் மேற்கே கெம்ப்டனில், பழைய குடிநீரேற்று நிலையத்தில். இங்குள்ள ட்ரிபிள் எக்ஸ்பான்ஷன் எஞ்சின்கள் (ஒரே நீராவியை மூன்று கட்டமாக விரியவிட்டு ஓடுபவை) இரண்டு, ஒவ்வொன்றும் 62 அடி உயரம், ஏறத்தாழ 1,000 டன். சர் வில்லியம் பிரெஸ்காட் நீராவியில் ஓடும். ஜோடி எஞ்சினை மின்மோட்டாரால் மெல்லச் சுற்றிக் காட்டுவார்கள். அளவில் க்ராஸ்னெஸை விஞ்சும், அழகில் இல்லை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் கிழக்கே, க்ராஸ்னெஸுக்கே போங்கள்.

ஆக்டன் டெப்போ லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் கிடங்கு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். ஆக்டன் டவுன் நிலையத்துக்கு எதிரிலேயே. பழைய ரயில் பெட்டி, சிக்னல், பெயர்ப்பலகை என்று வரிசை வரிசையாக இருக்கும். விளக்கப்பலகை குறைவு என்பதால் தனியாகச் சுற்றினால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். தன்னார்வலர்களிடம் பேச்சுக் கொடுத்தால்தான் காசுக்குப் பலன்.

பேச்சு கேட்க வேண்டுமென்றால் ஜூலை ஆரம்பத்தில் கார்ல்டன் ஹவுஸ் டெரஸில் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி நடத்தும் அறிவியல் கண்காட்சி. இலவசம். ஆராய்ச்சி செய்தவர்களே மேசைக்குப் பின்னால் நிற்பார்கள். கேள்வியோடு போகிறவருக்கு லண்டனில் இதைவிட நல்ல இடம் குறைவு. வார நாள் பகலில் பள்ளிக் கூட்டம், வார இறுதியில் குடும்பக் கூட்டம். இரண்டுக்கும் நடுவே, வார நாளின் பின்மாலை தோது. 1597 முதல் இலவச உரை நடத்திவரும் கிரெஷாம் கல்லூரியைக் கோடைப் பட்டியலில் சிலர் சேர்ப்பதுண்டு. கல்வியாண்டு ஜூனோடு முடிவதால் ஜூலை, ஆகஸ்ட்டில் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. உரைகள் இணையத்தில் இருக்கின்றன, அது போதும்.

ஜூன் வார இறுதியில் நடக்கும் லண்டன் ஓபன் கார்டன்ஸ் ஒரே டிக்கெட்டில் பல தனியார் தோட்டங்களைத் திறந்துவிடும். சுற்றிலும் குடியிருப்பவர்கள் மட்டுமே சாவி வைத்திருக்கும் சதுக்கங்களும் அதில் உண்டு. நகரம் முழுக்கப் பறந்தால் நாள் ரயிலிலேயே போய்விடும். ஒரே பேட்டையில் நடந்து முடிக்கக்கூடிய ஐந்தாறைத் தேர்ந்தெடுங்கள். சில தோட்டங்கள் இரண்டு நாளில் ஒரு நாள்தான் திறக்கும். சிலவற்றுக்குக் குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

பணமே வேண்டாம் என்றால் டவர் பிரிட்ஜ் தூக்கும் நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஆண்டுக்குச் சுமார் 800 முறை தூக்குகிறார்கள். கால் மணி முன்னதாகப் போய்ப் பாலத்தின் மேல் நிற்காமல் கரையில் நில்லுங்கள். தேம்ஸ் கரைச்சேற்றில் இறங்கும் வழிகாட்டி நடைக்குப் பதிவு செய்திருந்தால் ரப்பர் பூட்ஸும் கையுறையும் எடுத்துச் செல்லுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சல் அபாயம் உண்மையானது. ஓத ஏற்ற இறக்கம் இங்கே ஏழு மீட்டர் வரை போகும். வழிகாட்டி 'ஏறுங்கள்' என்றதும் ஏறிவிட வேண்டும். அனுமதிச்சீட்டு இல்லாமல் ஒரு பொருளையும் தேடி எடுக்கக் கூடாது.

எங்கே போவதானாலும் வெள்ளி இரவே ரயில் நிலவரத்தைப் பாருங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காகப் பாதைகளை மூடுவது பெரும்பாலும் வார இறுதியில்தான்; ஆபி வுட் பக்கம் ரயில் நின்றுபோனால் பேருந்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்க வேண்டியிருக்கும்.