ரெயில்ஸ் கன்சோலோடு ஏழு வருஷம்

எடிட்டரைத் திறப்பதற்கு முன்னால் ரெயில்ஸ் கன்சோலைத் திறக்கும் பழக்கம் வந்து எனக்கு ஏழு வருஷம் ஆகிறது. ரெயில்ஸ் என்பது ரூபி மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க், கன்சோல் என்பது அந்த அப்ளிகேஷனின் கோடை ஏற்றிக்கொண்டு, ரூபி வரியை அடித்தால் உடனே பதில் சொல்லும் இடம். அதுவரை நானும் ஃபைல்களில் சொல்லைத் தேடும் கிரெப் கமாண்டைப் போட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பழக்கத்தை மாற்றியது ஒரு பில் தொகை. யாரோ எழுதி யாரோ விட்டுப்போன ஒரு பழைய ரெயில்ஸ் அப்ளிகேஷன், வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தலையில் விழுந்தது. ஆர்டரில் பைசா இருந்தால் மட்டும் தொகை அடுத்த ரூபாய்க்கு ஏறிவிடும். ஆர்டர் மாடலில், அதாவது ஆர்டர் டேபிளைக் கையாளும் கிளாஸில், 'நெட்_டோட்டல்' மெத்தட் நாலே வரிதான், எத்தனை தடவை படித்தாலும் அதில் தப்பே இல்லை. கிரெப் போட்டால் டெஸ்ட், வியூ, ரிப்போர்ட் என்று அதைக் கூப்பிடுகிற இடங்களாக வந்து கொட்டுகிறது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் பக்கத்து சீட்டு அண்ணன் வந்து, "ஏன்பா ஃபைல்லயே தேடிக்கிட்டு இருக்க, அந்த ஆப்ஜெக்டையே கேளேன்" என்றார். கன்சோலில் ஒரு ஆர்டரை எடுத்து, அதன் நெட்_டோட்டல் மெத்தடைப் பிடித்து, 'ஓனர்' யார், அதாவது அது எதற்குள் எழுதப்பட்டது என்று கேட்டார். ஆர்டர் கிளாஸ் என்று வரவில்லை, நான் கேள்வியே படாத ஒரு மாட்யூலின் (கிளாஸில் சேர்க்கக்கூடிய மெத்தட் தொகுப்பு) பெயர் வந்தது. அடுத்து 'சோர்ஸ்_லொகேஷன்' அடித்ததும் ஃபைல் பெயரும் வரி எண்ணும் வந்து விழுந்தன. அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் இனிஷியலைசர்ஸ் ஃபோல்டரில் யாரோ ஒரு புண்ணியவான் 'நெட்', 'கிராஸ்' என்று ஒரு பட்டியல் போட்டு, பின்னால் டோட்டலை ஒட்டி, 'டிஃபைன்_மெத்தட்' வைத்து மெத்தடுகளை உண்டாக்கி, அந்த மாட்யூலை ஆர்டர் கிளாஸுக்கு முன்னால் 'ப்ரிபெண்ட்' செய்து வைத்திருந்தார், மாடலில் இருப்பதற்கு முன்னால் அதுதான் ஓடும். முழுப் பெயர் அந்த ஃபைலில் எங்குமே இல்லை, கிரெப் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ரூபியில் இது சகஜம். எந்த கிளாஸையும் எவரும் மறுபடி திறந்து எழுதலாம், 2.0-இலிருந்து ப்ரிபெண்ட் வேறு இருக்கிறது, போதாததற்கு ஒவ்வொரு ஜெம்மும் (வெளியிலிருந்து சேர்க்கும் ரூபி லைப்ரரி) தன் பங்குக்கு எதையாவது நுழைத்துவிட்டுப் போகும். அதனால் இப்போது புது கோடு கைக்கு வந்தால் முதலில் மாடலின் 'ஆன்செஸ்டர்ஸ்' பட்டியலைத்தான் பார்க்கிறேன். மெத்தடைத் தேடி ரூபி போகிற வரிசை அது. ஒரு சாதாரண மாடலுக்கே பட்டியல் பக்கம் தாண்டும், ஆனால் கிளாஸ் பெயருக்கு முன்னால் ஏதாவது உட்கார்ந்திருந்தால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். சேவ் செய்ததும் தானாக ஏதோ நடக்கிறது என்றால் '_சேவ்_கால்பேக்ஸ்' கேட்பேன், சேவோடு சேர்ந்து தானாக ஓடும்படி கட்டி வைத்த மெத்தடுகள், அதாவது சேவ் கால்பேக்குகள், வரிசையாக வெளியே வரும்.

எல்லாவற்றுக்கும் பதில் வராது. சி மொழியில் எழுதிய மெத்தடுக்கு சோர்ஸ்_லொகேஷன் 'நில்' (ஒன்றுமில்லை) என்றுதான் சொல்லும். இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் ரூபி போகும் 'மெத்தட்_மிஸ்ஸிங்' வழியாக ஓடுகிறதைப் பிடிப்பதும் கஷ்டம்.

முக்கியமான ஒன்று, எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது: கன்சோல் ஒரு தனி பிராசஸ். அதே கோடு, அதே டேட்டாபேஸ், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் மெமரியில் இருப்பது இங்கே தெரியாது. ஒரு ரிக்வெஸ்டின் நடுவில் நின்று பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் 'பைண்டிங்.ஐஆர்பி' வைக்க வேண்டும், கோடை அங்கேயே நிறுத்தி ரூபியின் கன்சோலான ஐஆர்பியைத் திறந்துவிடும். ரூபி 2.5-இலிருந்து அதற்குத் தனியாக லைப்ரரியை ஏற்றும் ரிக்வயர் வரிகூட வேண்டாம்.

இனி என் அசட்டுத்தனம். இரண்டு டெர்மினல் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தது, ஒன்று என் சோதனைக்கான டெவலப்மெண்ட், மற்றது நிஜ டேட்டா இருக்கும் புரொடக்ஷன். பல ரோக்களை ஒரே அடியில் மாற்றும் 'அப்டேட்_ஆல்' எதில் அடித்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அது வேலிடேஷனையும் பார்க்காது, கால்பேக்கையும் கூப்பிடாது, அதனால் ஆடிட் லாகில் ஒரு தடயமும் இல்லை. பேக்கப் எடுத்து சரி செய்ய ராத்திரி ஆகிவிட்டது. ரெயில்ஸ் 7.2-இல் புரொடக்ஷன் கன்சோலின் பிராம்ப்ட்டில் 'prod' என்று சிவப்பில் வருகிறது, அன்றைக்கு இருந்திருக்கலாம். சாண்ட்பாக்ஸ் மோடு இருக்கிறதே என்பீர்கள். வெளியேறும்போது டேட்டாபேஸ் மாற்றங்களைத் திருப்பிவிடும், சரி, ஆனால் போன மெயில் போனதுதான். அதோடு ட்ரான்சாக்ஷன் திறந்தே கிடப்பதால், நீங்கள் தொட்ட ரோவை மாற்ற வருகிற நிஜ ரிக்வெஸ்ட் வாசலில் காத்துக்கிடக்கும். புரொடக்ஷனில் நான் அதைத் திறப்பதில்லை, முடிந்தவரை படிக்க மட்டும் அனுமதியுள்ள டேட்டாபேஸ் யூசரோடுதான் போகிறேன்.

முன்பெல்லாம் ஐஆர்பிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் பிரை ஜெம் இல்லாமல் இருக்க முடியாது. இப்போது ஐஆர்பியிலேயே மெத்தடின் கோடைக் காட்டும் 'ஷோ_சோர்ஸ்', மெத்தடுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' எல்லாம் வந்துவிட்டதால் புது பிராஜெக்டில் பிரை சேர்ப்பதில்லை.

ஓனரும் சோர்ஸ்_லொகேஷனும் சேர்த்துக் காட்ட ஐஆர்பி திறக்கும்போது படிக்கிற என் ஐஆர்பிஆர்சி ஃபைலில் ஒரு குட்டி மெத்தட் வைத்திருக்கிறேன். ரூபி தமிழ்ப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் அதற்கு 'எங்கே' என்றே பெயர் வைத்தேன். அதை அடிக்கும்போதெல்லாம் என் டெர்மினலில் கொம்பு தனியாக, எழுத்து தனியாக நிற்கும், கர்சர் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது. பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை.