பிரக்ஞை பிறப்பது மூளையிலா, குவாண்டத்திலா?

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கிக் கடல்பாசி எடுக்கிறார்கள். அப்படி முங்குகிறவர் அளவு மீறி அடியில் இருந்துவிட்டால் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்து நினைவு தப்பிவிடும். சட்டென மேலே தூக்கி மூச்சு வரவைத்தால் நினைவும் திரும்பும். பிரக்ஞை, அதாவது விழித்திருந்து உணரும் நிலை, மூளையின் வேலை என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் ஓங்கிலும் (டால்பின்) அவர்கள் பக்கம்தான்: மூளையின் ஒரு பாதி தூங்க, மறுபாதி விழித்திருந்து மூச்சுவிட மேலே வருகிறது.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதல்ல. 1990களில் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோசும் மயக்கவியல் மருத்துவர் ஸ்டூவர்ட் ஹேமராஃபும், நரம்பணுக்களுக்குள் இருக்கும் மைக்ரோடியூபியூல் என்ற நுண்குழல்களில் அணுவளவில் நடக்கும் குவாண்டம் நிகழ்வுகளே பிரக்ஞை என்றார்கள். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தக் குழல்களை உறுதிப்படுத்தும் மருந்து கொடுத்த எலிகள் மயக்கவாயுவுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் தாமதமாகவே மயங்கின. கவனிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் குழலுக்கு இதில் பங்கு உண்டு என்பது வேறு, அந்தப் பங்கு குவாண்டம் வகையானது என்பது வேறு.

இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க் 2000இல் போட்ட கணக்குப்படி, மூளையின் வெப்பத்தில் குவாண்டம் நிலை ஒரு வினாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குகூடத் தாங்காது. பென்ரோஸ் தரப்பு அந்தக் கணக்கை மறுக்கிறது. சரி, அது நடக்கட்டும். எனக்குப் பெரிய தடை சிறுமூளை. மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன, அவற்றிலும் இதே குழல்கள் உண்டு. ஆனால் சிறுமூளை இல்லாமலே பிறந்தவர்கள் நடை தடுமாறினாலும் முழு நினைவோடு வாழ்கிறார்கள். குழல்தான் காரணம் என்றால் இது எப்படி? நரம்புகள் எப்படிப் பின்னப்பட்டிருக்கின்றன என்பதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

உப்புத் தண்ணீர் பட்டதும் கண்ணில் ஏன் எரிச்சல் 'தெரிகிறது' என்பதற்கு மூளைத் தரப்பிடம் இன்னும் பதில் இல்லை. தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 1995இல் 'கடினமான சிக்கல்' என்றது இதைத்தான். குவாண்டம் அந்தப் புதிரை அணுவுக்குள் தள்ளிவைக்கிறதே தவிர அவிழ்க்கவில்லை.

அதனால் நான் மூளையின் பக்கம். அங்கே கேட்டுச் சோதிக்கக் கேள்விகள் இருக்கின்றன. பேய்க்கணவாயை (ஆக்டோபஸ்) எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறத்தாழ 50 கோடி நரம்பணுக்கள், பெரும்பகுதி கைகளில். வெட்டிய கைகூடக் கொஞ்ச நேரம் தொட்டால் சுருங்குகிறது. வலி தெரிவது தலைக்கா, கைக்கா, இரண்டுக்கும் தனித்தனியாகவா?