ஸ்கைலைன் டிரைவ்ல சைக்கிள் ஓட்டப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு பணம் கட்டுங்க. எனக்கு 640 டாலர் போச்சு

வர்ஜீனியா, மேரிலாண்ட், டிசி பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க யாராவது இலை நிறம் மாறுற இந்த லீஃப் சீசன்ல ஷெனாண்டோவா நேஷனல் பார்க் போய், அதுக்குள்ள ஓடற ஸ்கைலைன் டிரைவ்ங்கற மலை ரோட்ல சைக்கிள் ஓட்டலாம்னு நெனச்சிட்டிருந்தா அஞ்சு நிமிஷம் ஒதுக்கி இதைப் படிச்சிடுங்க. நான் பணத்தைக் கட்டி ஏமாந்துட்டேன். 640 டாலர். நடந்து அஞ்சு நாள் ஆச்சு, இன்னும் வயிறு எரியுது, ராத்திரி சரியா தூக்கமில்ல. பணம் போனதைவிட என் அக்காவை அந்த மலையில அப்படியே விட்டுட்டுப் போனாங்க பாருங்க, அதைத்தான் மன்னிக்கவே முடியல.

அக்காவுக்கு 52 வயசு. சின்ன வயசுல எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக் குடுத்ததே அவதான். போன வருஷம் கார்ல ஸ்கைலைன் டிரைவ் போனப்போ மேரிஸ் ராக் டன்னலுக்குள்ள கார் நுழைஞ்சதும் ஜன்னலை இறக்கிட்டு, "தம்பி, இதுக்குள்ள ஒரு தடவை சைக்கிள்ல போகணும்டா"ன்னு சொன்னா. 1932ல மலையைக் குடைஞ்சு போட்ட டன்னல், 600 அடிக்கு மேல நீளம், உள்ள போனா சட்டுனு குளுகுளுன்னு இருக்கும், அந்தப் பக்கம் வெளிச்சத்துல மஞ்சளும் சிவப்புமா மரம் தெரியும். அன்னிக்கு சொன்னவ ஏப்ரல்ல இருந்து வாரத்துக்கு மூணு நாள் விடாம பிராக்டிஸ் பண்ணிட்டிருந்தா. இந்த மாசம் 35 மைல் வரைக்கும் மூச்சு வாங்காம ஓட்டுற அளவுக்கு வந்துட்டா. அதனால நல்ல சைக்கிளா வாடகைக்கு எடுத்து ஒழுங்கா கூட்டிட்டுப் போகணும்னுதான் நான் தேடவே ஆரம்பிச்சேன்.

அந்த ரோட்டைப் பத்தி தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஃப்ரண்ட் ராயல்ல ஆரம்பிச்சு ராக்ஃபிஷ் கேப் வரைக்கும் 105 மைல், முழுக்க ப்ளூ ரிட்ஜ் மலை முதுகு மேலயே போகும். வடக்குல பூஜ்யத்துல ஆரம்பிச்சு மைல்போஸ்ட் இருக்கும், எல்லா இடத்தையும் அந்த நம்பரை வெச்சுத்தான் சொல்லுவாங்க. ஸ்பீட் லிமிட் மணிக்கு 35 மைல்தான், ஆனா சைக்கிளுக்குன்னு தனி லேன் கிடையாது, அக்டோபர்ல கார் வரிசை கட்டி நிக்கும், ஓட்டுறவங்க பாதிப் பேர் ரோட்டைப் பாக்காம மரத்தைத்தான் பாத்துட்டு வருவாங்க. முக்கால்வாசி இடத்துல செல்போன் சிக்னலும் கிடையாது. அதனாலதான் சப்போர்ட் வேன் கூட வரும்னு ஒருத்தன் சொன்னா நமக்கு தைரியம் வருது. நான் காசு குடுத்ததே அந்த வேனுக்குத்தான்.

நான் புக் பண்ணினது ஒரு ஆன்லைன் சந்தை மாதிரி சைட்ல. சைக்கிள் வெச்சிருக்கறவங்க, டூர் நடத்துறவங்க எல்லாம் விளம்பரம் போடுவாங்க, நாம சாட் பண்ணி புக் பண்ணலாம். பேர் சொல்லல. அதுல ஒருத்தன் "ஃபால் கலர் பேக்கேஜ்"னு ஒண்ணு போட்டிருந்தான். ரெண்டு ரோட் பைக், ஹெல்மெட், முன்னாடி பின்னாடி லைட், என்ட்ரி ஃபீஸ், கூடவே சப்போர்ட் வேன். ஃப்ரண்ட் ராயல்ல இருந்து ஸ்கைலேண்ட் வரைக்கும் 42 மைல். வழியில ஹாக்பேக் ஓவர்லுக் (வண்டியை நிறுத்தி மலையைப் பாக்கற இடம்), எல்க்வாலோ, தார்ன்டன் கேப் மூணு இடத்துலயும் வேன் தண்ணி, ஸ்பேர் டியூபோட காத்திருக்கும், கடைசியா ஸ்கைலேண்ட்ல இருந்து நம்மள ஏத்திட்டு திரும்பக் கொண்டாந்து விடும். ரெண்டு பேருக்கு 480, டெபாசிட் 160, ஆக 640 டாலர்.

நான் எங்க விழுந்தேன்னு சொல்றேன் கேளுங்க. அவன் ஃபோன்ல பேசினான். ரொம்ப மரியாதையா, பொறுமையா. அக்கா என்ன உயரம்னு கேட்டான், 5 அடி 1 இன்ச்னு சொன்னேன், காலோட உள் அளவைக்கூட டேப் வெச்சு அளந்து சொல்லச் சொன்னான். "பெண்களுக்கு ஃப்ரேம் சரியா இல்லன்னா முதுகு போயிடும், உங்க சிஸ்டருக்குன்னே சின்ன ஃப்ரேம் ஒண்ணு எடுத்து வெக்கிறேன்"னான். நாங்க ரெண்டு பேரும் ஹால்ல உக்காந்து டேப் வெச்சு அளந்து அனுப்பினோம். இவ்வளவு அக்கறையா கேக்கறவன் ஏமாத்துவானான்னுதான் தோணுச்சு. அடுத்த நிமிஷமே, "இது பீக் வீக், மூணு பேர் கேட்டுட்டிருக்காங்க, சைட் வழியா கட்டினா கமிஷன் போயிடும், டெபாசிட்டை மட்டும் சைட்ல கார்டுல போடுங்க, 480ஐ பேங்க் ஆப்ல நேரா அனுப்பிடுங்க"ன்னான். அனுப்பிட்டேன். அந்த ஒரு நொடியை நெனச்சாதான் இப்பவும் உடம்பு பதறுது.

போன செவ்வாய்க்கிழமை காலைல ஃப்ரண்ட் ராயல் பார்க்கிங் லாட்ல சைக்கிள் குடுத்தது ஃபோன்ல பேசினவன் இல்ல, வேற ஒரு பையன். சின்ன ஃப்ரேமாவது ஒண்ணாவது, ரெண்டும் ஒரே சைஸ், எனக்கு சரியா இருந்துச்சு, அக்காவுக்கு சீட்டை அடிவரைக்கும் இறக்கியும் கால் விரல் நுனிதான் தரையில பட்டுச்சு. கேட்டா, "அந்த சைக்கிள் ரிப்பேர்ல இருக்கு, வேன்ல இன்னொண்ணு வருது, ஹாக்பேக்ல மாத்திக்கலாம்"னான். என் ஃபோன்லயே ஒரு ஃபார்மைத் திறந்து, கையெழுத்துப் போடுங்க, அடுத்த ஆளுங்க வெயிட் பண்றாங்கன்னு அவசரப்படுத்தினான். படிக்காம விரலால கிறுக்கிட்டேன். பார்க் கேட்ல போனா அவன் என்ட்ரி ஃபீஸும் கட்டல, ஆளுக்கு 15னு 30 டாலர் நாங்கதான் கட்டினோம். அது இந்த 640ல சேராது.

அன்னிக்கு மலை எப்படி இருந்துச்சுன்னும் சொல்லணும், ஏன்னா பின்னாடி அதுக்கு வேலை இருக்கு. கலர் மேல இருந்து கீழ இறங்கும். உயரமான இடத்துல முதல்ல மாறும், அடிவாரத்துல கடைசியா மாறும். கேட் பக்கத்துல பாதிப் பச்சை இருந்துச்சு, ஏற ஏற ட்யூலிப் பாப்லர் எல்லாம் மஞ்சள், பிளாக் கம் ரத்தச் சிவப்பு, மேல ஓக் மரமெல்லாம் செம்பு நிறத்துக்கு வந்து காத்து அடிச்சா பொலபொலன்னு கொட்டுச்சு. முதல் 4.6 மைல், டிக்கி ரிட்ஜ் விசிட்டர் சென்டர் வரைக்கும் கிட்டத்தட்ட நிக்காத ஏத்தம், அக்கா அந்தப் பெரிய ஃப்ரேம்ல உக்காந்து ஒரு வார்த்தை முனகாம ஏறினா. ரேஞ்ச் வியூ ஓவர்லுக்ல நின்னு ஆரஞ்சு சாப்பிட்டோம். அந்த நாள்ல நல்லா இருந்தது அதுவரைக்கும்தான்.

மைல் 21, ஹாக்பேக். வேன் இல்ல. நாப்பது நிமிஷம் நின்னோம். சிக்னல் இல்ல. சரி, எல்க்வாலோல இருப்பாங்கன்னு கிளம்பினோம். அங்க இருந்து எல்க்வாலோ மூணு மைலுக்கு இறக்கம். ரெண்டாவது வளைவுல அக்கா சைக்கிள்ல இருந்து இரும்பை இரும்பு அறுக்கற மாதிரி ஒரு சத்தம். பிரேக்கை முழுசா அமுக்கறா, வேகம் குறையல. ரோட்டு ஓரம் முழுக்க ஈர இலை, அதுல ஏறினா வழுக்கும்னு தெரியும், ஆனா வேற வழியில்லாம காலைத் தரையில தேய்ச்சு தேய்ச்சு ஓரத்துல இருந்த புல்லுல விட்டு நிறுத்தினா. பின்னாடி வந்த கார்க்காரர் நல்லவேளையா தூரத்துலயே ஸ்லோ பண்ணிட்டார். நான் ஓடிப்போய் ஃபோன் டார்ச்சை அடிச்சு டிஸ்க் பிரேக்குக்குள்ள பாத்தேன். டிஸ்க்கைப் பிடிச்சு நிறுத்தற பேட்ல மருந்தே, அதாவது தேயற பாகமே இல்ல. பூரா தேஞ்சு பின்னாடி இருக்கற தகடுதான் டிஸ்க்கை உரசிட்டிருந்துச்சு, டிஸ்க் மேல நகத்தால கீறின மாதிரி கோடு கோடா விழுந்திருந்துச்சு. ஒரு நாள்ல தேயற தேய்மானம் இல்ல அது. தெரிஞ்சேதான் குடுத்திருக்காங்க. ஃபோட்டோ எடுத்து வெச்சேன்.

என் சைக்கிளை அக்காகிட்ட குடுத்துட்டு அவளோடதை நான் எடுத்துக்கிட்டேன், இறக்கம் வந்தா ரெண்டு பேரும் இறங்கித் தள்ளினோம். எல்க்வாலோ போய்ச் சேர மணி ரெண்டு. வேன் இல்ல. மூணே கால் வரைக்கும் உக்காந்திருந்தோம், அங்க வந்து நின்ன ஒவ்வொரு வெள்ளை வேனையும் எழுந்து எழுந்து பாத்தா அக்கா. அப்புறம் தார்ன்டன் கேப்ல இருக்கற பார்க் கேட்ல ரேஞ்சர் இருப்பாங்க, அங்க போயிடலாம்னு முடிவு பண்ணினோம். 7 மைல் சொச்சம்தான், ஆனா பாதி நடந்தே போனதுல அஞ்சு மணி தாண்டிடுச்சு. இந்த சீசன்ல ஆறரைக்குள்ள சூரியன் இறங்கிடும். பின்லைட்டைப் போட்டுப் பாத்தா ரெண்டுலயும் பேட்டரி இல்ல. அந்த ரோட்ல வெளிச்சம் குறைஞ்சா சைக்கிளுக்கு முன்னாடி வெள்ளை, பின்னாடி சிவப்பு லைட்டோ ரிஃப்ளெக்டரோ கட்டாயம்னு பார்க் ரூல். டன்னல் அங்க இருந்து முக்கால் மைல்கூட இல்ல, மைல் 32.2. லைட்டும் இல்லாம பிரேக்கும் இல்லாம எப்படிப் போறது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பாத்தா, "விடுடா தம்பி, இன்னொரு நாள் வரலாம்"னா. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கேட்ல இருந்தவங்க ரொம்ப நல்லபடியா நடந்துக்கிட்டாங்க, ஃபோன் பண்ண விட்டாங்க. அவன் எடுக்கல. ஒரு பிக்அப் டிரக்ல வந்த வயசான கணவன் மனைவி சைக்கிளைப் பின்னாடி போட்டு எங்களை ஃப்ரண்ட் ராயல் வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க, பெட்ரோலுக்குக்கூட காசு வாங்கல. அவங்க நல்லா இருக்கணும்.

இனிமேதான் அசல் கூத்து. ராத்திரியே மெசேஜ் போட்டேன், பதில் இல்ல. மறுநாள் மத்தியானம், "வேன் மூணு இடத்துலயும் இருந்தது, நீங்கதான் டைமுக்கு வரல"ன்னு ஒரு வரி. ஆதாரம் குடுன்னேன். ஹாக்பேக்ல வேன் நிக்கிற ஃபோட்டோ ஒண்ணு அனுப்பினான். பின்னாடி இருந்த மரம் எல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு! அன்னிக்கு அங்க செம்பும் மஞ்சளுமா இலை கொட்டிட்டிருந்துச்சு, என் ஃபோன்ல அதே இடத்துல எடுத்த படம் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு அனுப்பினேன். அதுக்கு பதிலே இல்ல. மூணு மணி நேரம் கழிச்சு, "பீக் சீசன் புக்கிங் நான்-ரீஃபண்டபிள், சைக்கிள் நல்ல கண்டிஷன்ல இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, டிஸ்க்ல கீறல் விழுந்ததுக்கு டெபாசிட் 160ஐ எடுத்துக்கறோம்"னு வந்துச்சு. அவன் தேஞ்சு போன பேட் போட்டு அக்காவைக் கொல்லப் பாத்ததுக்கு நாங்க 160 டாலர் கட்டணுமாம்.

சைட்டோட கஸ்டமர் சர்வீஸ்ல மூணு தடவை டிக்கெட் போட்டேன். முதல்ல, "உங்க கவலை புரியுது, 48 மணி நேரத்துல பதில் வரும்". ரெண்டாவது, "நாங்க இடைத்தரகர் மட்டும்தான், ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கோங்க". மூணாவது, "480 எங்க சைட்டுக்கு வெளிய கட்டப்பட்டதால எங்க பாதுகாப்புல வராது, இந்த டிக்கெட் மூடப்பட்டது". ஃபோன் நம்பரே கிடையாது. பேங்க்ல கேட்டா, நீங்களே அனுப்பினதுதானே, ஃப்ராடு கணக்குல வராதுன்னுட்டாங்க. 480 போனது போனதுதான். கார்டுல போட்ட 160க்கு மட்டும் அதைத் திருப்பித் தரச் சொல்லி கார்டு கம்பெனில டிஸ்பியூட் போட்டிருக்கேன்.

எப்படிப் பாதுகாப்பா பிளான் பண்றதுன்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், இப்போ இருக்கற மனநிலையில முடியல. சுருக்கமா சொல்லிடறேன். நேஷனல் பார்க்குக்குள்ள காசு வாங்கிட்டு டூர் நடத்த பார்க் சர்வீஸோட கமர்ஷியல் யூஸ் ஆதரைசேஷன்னு ஒரு அனுமதி வேணும், அது இருக்கான்னு கேளுங்க, பார்க்குக்கே ஃபோன் பண்ணி சரிபாருங்க. நான் கேக்கவே இல்ல. பேங்க் ஆப்ல நேரா அனுப்பாதீங்க, கிரெடிட் கார்டுதான், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள்ள எழுத்துல டிஸ்பியூட் போடணும். சைக்கிளை வாங்கினதும் டார்ச் அடிச்சு பிரேக் பேடைப் பாருங்க, லைட்டைப் போட்டுப் பாருங்க, வீடியோ எடுங்க, அதுக்கப்புறம் கையெழுத்து. வேன் டிரைவர் நம்பரும் வண்டி நம்பரும் கைல இல்லாம ஏத்தத்துல கால் வெக்காதீங்க.

இதே மாதிரி "உங்க சிஸ்டருக்கு சின்ன ஃப்ரேம் எடுத்து வெக்கிறேன்"னு யார்கிட்டயாவது பேசி இந்த சீசன்ல பணம் வாங்கியிருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க, சேர்ந்து புகார் குடுக்கலாம். டிஸ்பியூட்டுக்கு ஆதாரம் கேட்டு கார்டு கம்பெனில இருந்து இன்னிக்கு காலைல மெயில் வந்திருக்கு. பிரேக் பேட் ஃபோட்டோவையும் பச்சை மரம் ஃபோட்டோவையும் இப்போ அனுப்பப் போறேன்.