'ரீஹேப்' என்று போர்டு இருந்தால் போதாது: பக்கவாத நோயாளியைச் சேர்க்கும் முன் பாருங்கள்

பக்கவாதம் வந்தவரின் உயிரைக் காப்பாற்றிய கையோடு, "கட்டில் வேணும், கூட்டிட்டுப் போங்க" என்று வார்டில் சொல்லிவிடுகிறார்கள். இழந்த அசைவைப் பயிற்சியால் மீட்கும் முறையான மறுவாழ்வு (ரீஹேப்) வார்டிலோ இடம் இல்லை. அந்தப் பதற்றத்தில், இடம் இருக்கிறது என்று சொல்லும் முதல் மையத்திலேயே குடும்பம் சேர்த்துவிடுகிறது. ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது.

"தினமும் இரண்டு வேளை பிசியோதெரபி" என்பார்கள். உண்மையில் உதவியாளர் ஒருவர் வந்து, படுத்திருப்பவரின் கை காலைப் பதினைந்து நிமிடம் மடக்கி நீட்டிவிட்டுப் போவார். பில்லில் இரண்டு வேளை என்றே இருக்கும். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஈடுகொடுக்க முடிந்த நோயாளிக்கு வாரத்தில் குறைந்தது 5 நாள், நாளுக்கு குறைந்தது 3 மணி நேரம் பயிற்சி என்கிறது. பிசியோ, ஆக்குபேஷனல் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது), ஸ்பீச் தெரபி (பேச்சுப் பயிற்சி) மூன்றும் அதில் சேரும். நோயாளி தானே முயன்று செய்வதுதான் பயிற்சி. அடுத்தவர் அசைத்துவிடுவது மூட்டு இறுகாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே உதவும். அசைவு வேகமாகத் திரும்பும் காலம் பெரும்பாலும் முதல் மூன்று மாதம். அது கட்டிலிலேயே கழிந்தால் திரும்பக் கிடைக்காது.

சேர்த்த அன்றே கவனியுங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிக்காமல் தண்ணீரோ பாலோ கொடுக்கிறார்களா? குடித்ததும் இருமினால், குரல் சளி கட்டியதுபோல் களகளத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சிலருக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். அதனால் இருமவில்லை என்பது சமாதானம் ஆகாது.

தூக்கி உட்காரவைக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்து இழுத்துத் தோள்மூட்டு இறங்கிவிடும். தோள் எலும்பின் நுனிக்குக் கீழே ஒரு விரல் பதியும் பள்ளம் தெரியும். அப்புறம் வலியாலேயே பயிற்சி நின்றுபோகும். குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது.

பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்: தெரபிஸ்ட்டின் தகுதி, ஒவ்வொரு அமர்வும் தொடங்கி முடியும் நேரம், சேரும்போது பார்தெல் குறியீட்டு (Barthel Index) மதிப்பெண் (சாப்பிடுவது, நடப்பது போன்ற அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று 100க்குப் போடுவது), அடுத்து எந்தத் தேதியில் மறுபடி எடுப்பார்கள் என்பது. தர மறுத்தால் சேர்க்காதீர்கள்.

மருத்துவமனையை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மறுவாழ்வு வார்டின் கட்டில் பற்றாக்குறையைக் கணக்கிட்டே தடுக்கலாம். ஆண்டுக்கு 200 நோயாளிகள், ஆளுக்கு 30 நாள் என்றால் 6,000 கட்டில் நாட்கள். 365ஆல் வகுத்தால் 16.4 கட்டில். எப்போதும் எல்லாக் கட்டிலும் நிரம்பியிருக்க முடியாது. 85 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் 20 கட்டில் வேண்டும். வீட்டில் சாய்தளம் இல்லை, சக்கர நாற்காலி வரவில்லை என்று ஒவ்வொருவரும் பத்து நாள் கூடுதலாகத் தங்கினால் அதுவே 26 ஆகிவிடும். முதியோர் எண்ணிக்கை கூடும்போது 200 என்ற எண்ணும் ஏறும். ஆகவே புதுக் கட்டில் கேட்கும்போதே, அதற்கான தெரபிஸ்ட் பணியிடங்களையும், சேர்ந்த முதல் வாரத்திலேயே வீட்டை ஏற்பாடு செய்யத் தொடங்கும் ஒரு ஆளையும் சேர்த்துக் கேளுங்கள்.